பதினான்காவது தட்டு

பெர்மாஸ் ஜெயா,
புதன்கிழமை.

மதிப்பிற்குரிய சம்பந்தி மதிவாணன் அவர்களுக்கு, பெண்ணைப் பெற்ற ஜெயபாலன் கைகூப்பி எழுதுவது.

நிச்சயதார்த்தத்தன்று நீங்கள் சீராகக் கொண்டுவந்த கணினி நேற்று மாலை வேலை செய்யத் தொடங்கியது. திரையில் படம் வந்ததை என் மகள் சாந்தினி உறுதிப்படுத்தினாள். நானும் நேரில் பார்த்தேன். அது பாதி பலத்தில்தான் ஓடுகிறது என்பதையும் அவளே உறுதிப்படுத்தினாள். மீதிப் பாதி உங்கள் ஊர் பத்து பாகாட்டில், உங்கள் வீட்டு வரவேற்பறைக் கண்ணாடி அலமாரியில், பீங்கான் யானைக்கும் பினாங்கிலிருந்து வாங்கிய பாய்மரக் கப்பலுக்கும் நடுவில் நிற்கிறது. இதற்கு ஆதாரம் நீங்களே அனுப்பிய ஒரு புகைப்படம். அந்தப் படத்துக்குப் பிறகு வருகிறேன்.

முதலில் நலம் விசாரிக்க வேண்டும். உங்கள் முழங்கால் வலி தேவலையா? சம்பந்தியம்மாவுக்கு இரத்தத்தில் இனிப்பு குறைந்திருக்கிறதா? உங்கள் அக்கா பேச்சியம்மாள் அவர்கள் சுகமாக இருக்கிறாரா? இங்கே நான், என் மனைவி புஷ்பவள்ளி, சாந்தினி மூவரும் நலம். உங்கள் மகன் ரூபேந்திரனும் நலம் என்று சொல்ல முடியும், ஏனென்றால் பாசிர் கூடாங் துறைமுகத்தில் வேலை முடிந்ததும் அவர் நேராக எங்கள் வீட்டு வாசலுக்கு வந்துவிடுகிறார். வாசலுக்குத்தான், உள்ளே அல்ல. அதையும் விளக்குகிறேன்.

இந்தக் காலத்தில் கடிதம் எதற்கு, அதுவும் வீட்டுக்கு அனுப்பாமல் பொத்தானும் ஜிப்பும் ரிப்பனும் விற்கும் உங்கள் கடை முகவரிக்கு எதற்கு என்று நீங்கள் யோசிக்கலாம். வாட்ஸ்அப்பில், எங்கள் பத்திரிகைத் தமிழில் சொன்னால் புலனத்தில், இதை எழுத எனக்குத் தெரியும். ஆனால் உங்கள் கைப்பேசியை முதலில் திறந்து படிப்பவர் அக்காதான் என்று ரூபேந்திரன் தகவல் கொடுத்தார். "அத்தை படிச்சுட்டு, முக்கியமானதை மட்டும் அப்பாகிட்ட சொல்வாங்க மாமா" என்றார். இது அக்கா படிக்கக் கூடாத கடிதம். அவரைப் பற்றிக் குறையாக எதுவும் எழுதப் போவதில்லை. அவர் மனம் நோகாமல் ஒரு பொருளை அவர் அலமாரியிலிருந்து எடுக்க வேண்டியிருக்கிறது, அவ்வளவுதான்.

இது புகார்க் கடிதமும் அல்ல. ஜொகூர் நிருபராக என் காலம் முழுவதும் வெள்ளம், கோயில் நிர்வாகத் தேர்தல், சிங்கப்பூர்ப் பாலமான காஸ்வேயின் நெரிசல் ஆகிய மூன்றைப் பற்றியும் வந்த புகார்க் கடிதங்களைப் படித்தவன் நான். புகார் எழுதுகிறவர் முதல் வரியிலேயே கோபப்படுவார். நான் கோபமாக இல்லை. நடந்ததை நடந்த வரிசையில் சொல்கிறேன். முடிவை உங்களிடம் விட்டுவிடுகிறேன்.

சாந்தினி கல்யாண மேடைகளைக் கணினியில் வடிவமைத்துக் கொடுப்பவள் என்பது உங்களுக்குத் தெரியும். மண்டபத்துக்குப் போகாமலேயே மேடை எப்படி இருக்கும், பூ எங்கே வரும், விளக்கு எந்தப் பக்கம் அடிக்கும் என்று நடந்து பார்ப்பது போலக் காட்டிவிடுவாள். உங்களுக்குத் தெரியாதது, சிங்கப்பூரில் கண்காட்சி அரங்குகள் அமைக்கும் ஒரு நிறுவனம் அவளுக்கு ஒரு சோதனை வேலை கொடுத்திருக்கிறது. ஒரு முழு அரங்கை வடிவமைத்து, அதற்குள் நடந்து போவது போன்ற காணொளியாக வெள்ளிக்கிழமை மாலைக்குள் அனுப்ப வேண்டும். பிடித்துப்போனால் வேலை, அதுவும் பெரும்பாலும் இங்கே வீட்டிலிருந்தே செய்யும் வேலை. பிடிக்காவிட்டால் அவளும் மற்ற பிள்ளைகளைப் போல விடியுமுன் பாலம் தாண்டிப் போய், இருட்டிய பிறகு பாலம் தாண்டி வர வேண்டும். கல்யாணமாகி இதே பெர்மாஸ் ஜெயாவில் குடித்தனம் வைக்கப் போகிறவர்கள், அவர் ஷிப்ட்டு, இவள் காஸ்வே என்று இருந்தால் ஒருவர் முகத்தை ஒருவர் கைப்பேசியில்தான் பார்க்க முடியும். கல்லூரியில் வாங்கிய அவளுடைய மடிக்கணினி இந்த வேலையைப் பார்த்ததும் அரிசி ஆலை போலச் சத்தம் போட்டுவிட்டுத் தானாகவே அணைந்துவிடுகிறது. அதனால்தான் "சீர் என்ன வேணும்மா, நகையா, சேலையா?" என்று நீங்கள் கேட்டபோது அவள், "எதுவும் வேணாம் மாமா. ஒரு நல்ல கம்ப்யூட்டர் குடுங்க" என்றாள். நீங்கள் சிரித்துக்கொண்டே சரி என்றீர்கள். அந்தச் சிரிப்பை இந்த வீட்டில் யாரும் மறக்கவில்லை.

எந்தக் கணினி என்று முடிவு செய்ததில் உங்களுக்கும் எனக்கும் பங்கில்லை. பிள்ளைகள் இருவரும் அதற்காக நடத்திய பேச்சுவார்த்தையை நான் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து கேட்டேன். இவர்கள் பழகியதே ஓர் இணைய விளையாட்டில், ஒரே அணியில் சேர்ந்து யாரையோ சுட்டுக்கொண்டிருந்தபோதுதான். ஆகவே விளையாட்டுக்கும் உதவ வேண்டும், வேலைக்கும் உதவ வேண்டும். ரூபேந்திரனுக்குப் படம் வேகமாக ஓடும் திரை வேண்டும். சாந்தினிக்கு நிறம் உள்ளபடி தெரியும் திரை வேண்டும். "மெரூன் சேலை என் ஸ்கிரீன்ல பிரவுனா தெரிஞ்சா, கல்யாணப் பொண்ணு என்னைச் சும்மா விடுவாளா?" என்று இவள் கேட்டாள். "எதிரி சுட்டப்புறம்தான் எனக்கு எதிரி தெரியுறான், அது பரவால்லயா?" என்று அவர் கேட்டார். கடைசியில் திரையில் அவர் விட்டுக்கொடுத்தார். படத்துக்குப் பலம் தரும் கிராஃபிக்ஸ் கார்டில் அவருக்காக இவள் ஒரு படி ஏறி வந்தாள். ரேம் என்று சொல்லப்படும் நினைவகத்தில் இருவருமே விட்டுக்கொடுக்கவில்லை. பெரிய காணொளி செய்ய நிறைய ரேம் வேண்டும், அதையும் இரண்டு பட்டைகளாகப் போட வேண்டும் என்று முடிவானது. கடையில் வண்ண விளக்கு எரியும் வகைதான் இருந்தது. வேண்டாத விளக்குதான், போனால் போகட்டும் என்று ஒப்புக்கொண்டார்கள். நம் கஷ்டம் அந்த விளக்கில்தான் ஆரம்பம்.

அடுத்து நடந்ததற்கு ஆதாரம் நீங்களே. நிச்சய விருந்தில் என் பக்கத்தில் உட்கார்ந்து பெருமையாகச் சொன்னீர்கள். பத்து பாகாட்டில் அந்தச் சீனர் கடையில் எல்லாவற்றையும் பொருத்தி, ஓட்டிப் பார்த்து, ஒரே பெட்டியாகக் கட்டி வைத்திருந்தார்கள். நீங்கள் பார்த்தீர்கள். ஒரு பெட்டி என்றால் ஒரு தட்டு. இவ்வளவு பெரிய சீர் ஒரே தட்டில் வந்தால் ஊர் என்ன நினைக்கும்? "எல்லாத்தையும் திரும்பக் கழட்டு" என்றீர்கள். கடைக்காரர், "அங்கிள், சுடா பாசாங், கெனாப்பா மாவ் புகா பாலேக்?" என்று கேட்டார், பொருத்தியாகிவிட்டதே, ஏன் மறுபடி பிரிக்க வேண்டும் என்று அவருக்குப் புரியவில்லை. கழற்றிக் கொடுத்தார். மதர்போர்டுக்கு ஒரு தட்டு, பிராசசருக்கு ஒரு தட்டு, பவர் சப்ளைக்கு ஒரு தட்டு என்று அணிவகுத்து மண்டபத்துக்குள் வந்தபோது, நான் இத்தனை வருடத்தில் எத்தனையோ ஊர்வலங்களைப் பார்த்தவன், சொல்கிறேன், அப்படி ஒரு வரிசையைப் பார்த்ததில்லை. லட்டுக்குப் பக்கத்தில் கிராஃபிக்ஸ் கார்டு. அதைச் சுற்றி உங்கள் கடையின் தங்க ரிப்பன். பிராசசர் சிவப்பு வெல்வெட்டில், குங்குமச் சிமிழ் போல, நடுவில் ஒரு சந்தனப் பொட்டோடு. திரைக்கு ஏற்ற தட்டு கிடைக்காமல் இருவர் தூக்கி வந்தார்கள். அது கணக்கில் சேரவில்லை.

கணக்கு என்றதும் அக்காவிடம் வருகிறோம். மண்டபத்துக்கு வெளியே, ஊர்வலம் புறப்படுமுன், அவர் தட்டுகளை எண்ணியிருக்கிறார். பதினான்கு. சீர்த் தட்டு இரட்டைப்படையில் போகக் கூடாது என்பது உங்கள் வீட்டிலும் எங்கள் வீட்டிலும் உள்ள வழக்கம்தான். அதில் அவர் மேல் தவறே இல்லை. ஒன்றைக் கூட்ட நேரமில்லை, ஆகவே ஒன்றைக் குறைத்தார். பழத்தைக் குறைக்க முடியாது, பூவைக் குறைக்க முடியாது. பார்த்தால் இரண்டு தட்டுகளில் ஒரே மாதிரி இரண்டு சின்னப் பட்டைகள். அட்டையில் கலர் கலராக விளக்குப் படம். "அலங்கார லைட்டுதானே. ஒண்ணு எரிஞ்சா போதும்" என்று ஒன்றைக் கைப்பையில் போட்டுக்கொண்டார். இதைக் கேட்டவர் உங்கள் மகன். மாப்பிள்ளைக் கோலத்தில், மாலையோடு, புகைப்படக்காரர் சிரிக்கச் சொன்ன நேரத்தில் கேட்டதால், அவரால் எதுவும் பேச முடியவில்லை என்று சொல்கிறார். அதை நான் நம்புகிறேன்.

விருந்து முடிந்து புறப்படும்போது அக்கா இரண்டு கட்டளை இட்டார். சீர்ப் பொருள் இனிமேல் எங்கள் வீட்டுப் படி தாண்டக் கூடாது. மாப்பிள்ளை கல்யாணம் வரை எங்கள் வீட்டுப் படி தாண்டக் கூடாது. தனித்தனியாகப் பார்த்தால் இரண்டும் நல்ல கட்டளைகள். சேர்த்துப் பார்த்தால், கழற்றிய கணினியைக் கடைக்குக் கொண்டுபோய்ப் பொருத்தவும் முடியாது, பொருத்தத் தெரிந்த ஒரே ஆளை வீட்டுக்குள் கூப்பிடவும் முடியாது. சாந்தினிக்குக் கணினியில் மேடை கட்டத் தெரியும். கணினியைக் கட்டத் தெரியாது. எனக்குத் தட்டச்சு இயந்திரத்துக்கு ரிப்பன் மாற்றத் தெரியும்.

தீர்வு கண்டவர் புஷ்பவள்ளி. "கேட்டுக்கு உள்ள நம்ம வீடு. கேட்டுக்கு வெளிய ரோடு. மேசையைக் கேட்டோட ஒட்டிப் போடுங்க. சாமான் உள்ள இருக்கட்டும், மாப்பிள்ளை வெளிய இருக்கட்டும்" என்றார். அப்படியே போட்டோம். ரூபேந்திரன் காடியை வாசலில் நிறுத்தி, பிளாஸ்டிக் முக்காலியில் உட்கார்ந்து, இரும்புக் கம்பிகளுக்கு இடையே கையை விட்டார். விட்டவர் பாதியிலேயே இழுத்துக்கொண்டார்.

"மாமா, கை உள்ள வரலாமா?"

உறுதி செய்யாமல் எதையும் செய்வது என் வழக்கமல்ல. "அத்தையைக் கேட்டுடுங்களேன்" என்றேன். அவர் அங்கிருந்தே அழைத்தார்.

"அத்தை, பொண்ணு வீட்டுக்குள்ள கை மட்டும் போனா பரவால்லயா?"

"கையா? கையை விட்டு என்னடா எடுக்கப் போற?"

"ஒண்ணும் எடுக்கல. ஸ்க்ரூ முடுக்கணும்."

"முடுக்கிக்க. முழங்கைக்கு மேல போகாத."

ஆக, முழங்கை வரை அனுமதி கிடைத்தது. ஆனால் முடுக்க ஸ்க்ரூ இல்லை. கடைக்காரர் கழற்றிய ஸ்க்ரூக்களை ஒரு சின்னப் பொட்டலத்தில் கட்டிக் கொடுத்திருந்தாராம். அது எந்தத் தட்டிலும் இல்லை. வீடு முழுவதும் தேடினோம். கடைசியில் அடுத்த வீட்டு மலர் வந்து, "அங்கிள், நிச்சயத்துக்குக் குடுத்த தாம்பூலப் பையில இது இருந்துச்சு. இது என்னா முறை, எனக்குப் புரியல" என்று பொட்டலத்தை நீட்டினாள். பாக்குப் பொட்டலத்தோடு சேர்ந்து போயிருக்கிறது. பாக்கு என்று நினைத்து ஒன்றைக் கடித்தே பார்த்திருக்கிறாள். நல்ல பல் அவளுக்கு. அதற்கும் ஆண்டவனுக்கு நன்றி.

பிறகு வேலை வேகமாக நடந்தது என்று சொல்ல ஆசை. கிராஃபிக்ஸ் கார்டின் மூன்று விசிறிகளுக்குள்ளும் உங்கள் தங்க ரிப்பன் நுழைந்து, அவிழ்க்க முடியாமல் பின்னிக்கொண்டிருந்தது. நல்ல தரமான ரிப்பன், சம்பந்தி, இழுத்தால் அறுவதில்லை. புஷ்பவள்ளி தையல் பிரிக்கும் ஊசியை எடுத்துவந்து, ரவிக்கையைப் பிரிப்பது போல நிதானமாகப் பிரித்தெடுத்தார். ரூபேந்திரன் கம்பிக்கு வெளியே கண்ணை மூடிக்கொண்டு, "முடிஞ்சதும் சொல்லுங்க அத்தை, நான் பாக்கல" என்றார். அடுத்தது பிராசசர். அதன் தலையில் நடுவில் ஒரு சொட்டு வெப்பப் பசை வைத்து, மேலே குளிர்விக்கும் விசிறியைப் பொருத்த வேண்டுமாம். அதே இடத்தில், அதே அளவில், அக்கா வைத்த சந்தனம் காய்ந்திருந்தது. பசை ஏற்கெனவே வைத்தாயிற்று என்றே நினைத்து, நான் விசிறியை எடுத்து நீட்டினேன்.

"மாமா! அது சந்தனம் மாமா!"

"சந்தனமும் குளிர்ச்சிதானே?"

"மனுஷனுக்கு மாமா. இதுக்கு இல்ல."

துடைக்க எனக்குக் கை வரவில்லை. நிச்சயத்துக்கு வைத்த பொட்டு. சாந்தினிதான் துடைத்தாள், துடைத்த கையோடு புதிதாக அரைத்து, கேசிங் என்கிற வெளிப்பெட்டியின் நெற்றியில் அதைவிடப் பெரியதாக ஒன்று வைத்தாள். அக்கா கேட்டால் பொட்டு இடம் மாறியிருக்கிறது, மறையவில்லை என்று சொல்லலாம்.

அந்த நேரம் பார்த்து மழை. நாங்கள் கூரைக்குக் கீழே. மாப்பிள்ளை வானத்துக்குக் கீழே. புஷ்பவள்ளி குடையோடு வெளியே போய் அவர் தலைக்குப் பிடித்துக்கொண்டு நின்றார். தொழுகைக்குப் போய்க்கொண்டிருந்த பின்தெரு ஹாஜி மோட்டாரை நிறுத்தி, கம்பிக்குள் முழங்கை வரை கையை விட்டு உட்கார்ந்திருந்த ரூபேந்திரனைப் பார்த்து, என்னிடம், "என்ன ஜெயா, மருமகனை லாக்கப்பில் வைத்துவிட்டாயா?" என்று மலாயில் கேட்டார். "இன்னும் கல்யாணம் ஆகவில்லை" என்றேன். "ஓ, அப்படியானால் ஜாமீனில் இருக்கிறார்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

எல்லாம் பொருத்தி, மின்சாரம் கொடுத்தோம். விசிறி சுற்றியது. விளக்கு எரிந்தது. திரை கறுப்பாகவே இருந்தது. சாந்தினி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். போகும்போது மகள் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை, சம்பந்தி. சந்தனத்தைத் துடைத்திருக்கக் கூடாதோ என்று எனக்கே தோன்றிவிட்டது. ரூபேந்திரன் மட்டும் கம்பியில் கன்னத்தை வைத்து உள்ளே உற்றுப் பார்த்துக்கொண்டே இருந்தார். மதர்போர்டின் ஓரத்தில் ஒரு சின்ன விளக்கு அணையாமல் நின்றது. நினைவகம் சரியில்லை என்று சொல்லும் விளக்காம்.

"மாமா, ரேமை நீங்கதானே போட்டீங்க?"

"நான்தான்."

"அழுத்திப் போட்டீங்களா?"

"சீர்ப் பொருள் ஆச்சே. மெதுவாத்தான் வெச்சேன்."

"அலமாக், மாமா! அழுத்தணும் லா. டக்குனு சத்தம் வரணும்."

"உடைஞ்சுட்டா உங்க அப்பா முகத்துல நான் எப்படி முழிக்கிறது?"

"அப்பாவுக்கு நான் பதில் சொல்றேன். அழுத்துங்க."

அழுத்தினேன். டக்கென்றது. திரையில் படம் வந்தது. வெளியே மழையில் மாப்பிள்ளை கை தட்டினார். உள்ளிருந்து சாந்தினி ஓடிவந்தாள். அதுதான் முதல் பத்தியில் நான் குறிப்பிட்ட செய்தி.

இனி இரண்டாம் பாதி. எந்த விளையாட்டும் இந்தக் கணினியில் பிரமாதமாக ஓடுகிறது. இதை ரூபேந்திரன் விளையாடிச் சொல்லவில்லை. சாந்தினி வேலை முடியும்வரை தொடமாட்டேன் என்று அவரே விலகி நிற்கிறார். சோதித்துப் பார்த்தது புஷ்பவள்ளி. கார் ஓட்டும் விளையாட்டு ஒன்றில், உரிமம் எடுக்க மூன்று முறை போய் வந்த அவர், நேற்று சாப்பாட்டைக்கூட மறந்து முதலாவதாக வந்திருக்கிறார். ஆனால் சாந்தினியின் காணொளி பாதியில் நின்றுவிடுகிறது. இரண்டு பட்டை ரேம் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுதான் இருக்கிறது. அவ்வளவு பெரிய அரங்கை நினைவில் வைக்க இடம் போதாமல் நிரலே மூடிக்கொள்கிறது. காஸ்வேயில் ஒரே ஒரு கவுண்டரைத் திறந்து வைத்துவிட்டு எல்லோரையும் வரச் சொன்னது போல என்று அவள் எனக்குப் புரியும்படி சொன்னாள். அரங்கைச் சிறியதாக்கினால் ஓடும். ஆனால் சின்ன அரங்குக்குப் பெரிய வேலை கிடைக்காது. வேறொரு பட்டை வாங்கிப் போடலாமே என்று கேட்டேன். அதே வகை இப்போது கடையில் இல்லை, வேறு வகையைச் சேர்த்தால் ஒத்துப்போகும் என்று சொல்ல முடியாது என்று இருவருமே சொன்னார்கள்.

அப்போதுதான் நீங்கள் அனுப்பிய உங்கள் பிறந்தநாள் படத்தை மறுபடி பார்த்தேன். கேக்குக்குப் பின்னால் நீங்கள். உங்களுக்குப் பின்னால் கண்ணாடி அலமாரி. அதில், யானைக்கும் கப்பலுக்கும் நடுவில், பதினான்காவது தட்டில் வர வேண்டிய பட்டை. பெரிதாக்கிப் பார்த்தேன். சாந்தினியிடம் காட்டினேன். ரூபேந்திரனிடம் காட்டினேன். மூன்று பேர் உறுதிப்படுத்திய தகவல் அது.

ஆகவே என் பணிவான வேண்டுகோள். அக்கா கோயிலுக்குப் போகும் நேரமாகப் பார்த்து நீங்கள் அதை எடுத்து, ரூபேந்திரன் வசம் சேர்க்க முடியுமா? "ஒன்று சேர்ந்தால் பதினான்காகிவிடுமே" என்று பின்னால் அவர் கேட்டால், அதற்கும் சாந்தினி வழி வைத்திருக்கிறாள்: அதோடு ஒரு மௌஸையும் சேர்த்து அனுப்புங்கள். பதினைந்து, ஒற்றைப்படை. மௌஸ் எங்களிடம் இருக்கிறது. கணக்குக்காக மட்டும் கேட்கிறேன். அலமாரியில் காலியாகும் இடத்துக்கு நான் ஓய்வு பெற்றபோது கொடுத்த கண்ணாடிப் பேனாச் சின்னத்தை அனுப்பத் தயார். அதிலும் விளக்கு எரியும்.

உங்கள் கடையில் ரிப்பன் என்றும் குறையாமல் விற்கட்டும். முழங்கால் படி ஏறும்போது பேசாமல் இருக்கட்டும். நம் பிள்ளைகள் இருவரும் கேட்டுக்கு ஒரே பக்கத்தில் உட்காரும் நாள் சீக்கிரம் வரட்டும். சம்பந்தியம்மாவுக்கு எங்கள் அன்பு. அக்காவுக்கும் எங்கள் வணக்கம், ஆனால் இந்தக் கடிதத்தில் சொன்னதாகச் சொல்ல வேண்டாம்.

இன்னும் வர வேண்டியவை இரண்டு: பட்டை வெள்ளிக்கிழமை காலைக்குள் எங்கள் கேட்டுக்கு வர வேண்டும், காணொளி அன்று மாலைக்குள் சிங்கப்பூர் போக வேண்டும்.

என்றும் அன்புடன்,
ஜெயபாலன்.

பின்குறிப்பு (வெள்ளிக்கிழமை மாலை): எழுதியதை ஓர் இரவு ஆறவைத்துத் திருத்துவது என் பழக்கம். அதனால் இந்தக் கடிதம் தபாலில் சேரவில்லை. நான் திருத்திக்கொண்டிருந்தபோது புஷ்பவள்ளி அக்காவை நேராகத் தொலைபேசியில் அழைத்து, "அக்கா, அந்தச் சின்ன லைட்டு ரெண்டும் ஜோடியாம்" என்று ஒரே வரி சொல்லியிருக்கிறார். "என்னது, ஜோடியா? கல்யாண வீட்டுல ஜோடியைப் பிரிச்சுட்டேனா? எவனாச்சும் எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னானா!" என்று கத்திவிட்டு, நேற்று பகல் வாடகைக் காடியில் வந்து இறங்கிவிட்டார். பட்டையைப் பட்டுத் துணியில் சுற்றி மடியில் வைத்திருந்தார். வாசலில் முக்காலியில் இருந்த ரூபேந்திரனைப் பார்த்து, "ஏண்டா ரோட்டுல குந்தியிருக்க?" என்றார். "நீங்கதானே அத்தை உள்ள போகக் கூடாதுன்னீங்க?" "விருந்தாடப் போகாதன்னேன். வேலை செய்யப் போறவனை யாருடா தடுத்தா? எழுந்திரு." எண்ணிக்கையைப் பற்றி நான் மெதுவாகக் கேட்டேன்; மௌஸ் யோசனையையும் சொன்னேன். "ஜோடி ரெண்டும் ஒரே தட்டுல வெச்சா ஒண்ணுதான் சம்பந்தி. புருஷன் பொண்டாட்டியை ரெண்டுன்னா எண்ணுவீங்க?" என்றார். ஆக, முதலிலிருந்தே பதின்மூன்றுதான். பட்டையை அவரே அழுத்தினார். சத்தம் தெருவுக்கே கேட்டது.

காணொளி இன்று மதியம் முழு அளவில் போய்ச் சேர்ந்தது. கிடைத்துவிட்டது என்று நிறுவனம் பதில் எழுதியிருப்பதை நான் படித்துப் பார்த்தேன். அவர்கள் முடிவு அடுத்த புதன்கிழமை தெரியும். கிழித்துப் போட மனமில்லாததால் இந்தக் கடிதத்தை உறையில் ஒட்டி அக்கா கையிலேயே கொடுத்தனுப்புகிறேன். அது எப்போது உங்களுக்கு வந்து சேரும் என்று மட்டும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை: கார்ப் பந்தயத்தில் புஷ்பவள்ளியை ஒரு தடவையாவது ஜெயிக்காமல் பத்து பாகாட்டுக்குக் கிளம்ப மாட்டேன் என்று அவர் சொல்லிவிட்டார், இப்போதைக்கு மூன்றாவதாகத்தான் வந்துகொண்டிருக்கிறார்.